ஆலைக் கணக்குகளும் சிங்க் செட்டிங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு ஆலைகளும் மில்களும் கணக்கு வழக்குகளைக் கிளவுடில் (நெட் வழியாக வேறிடத்துச் சர்வரில்) வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் கெட்டாலும் கவலையில்லை என்று உங்கள் வணிகப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். யோசனை நல்லதுதான். ஆனால் டிரைவ் மென்பொருளை நிறுவி, மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுப்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் செட்டிங்ஸில் பார்க்க வேண்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்க்காமல் விடுவதால் எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

நான் காங்கேயத்துக்காரி. அரிசி ஆலை, எண்ணெய் மில், கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். வெள்ளகோவில், முத்தூர், சென்னிமலை, அவல்பூந்துறை வரைக்கும் போய் வருகிறேன். இப்போது எந்த ஆபீசில் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் திரையின் வலது மூலையில் ஒரு சின்ன மேகப் படம் இருக்கிறது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், சொந்தமாகச் சர்வர் வைத்திருக்கும் இடங்களில் நெக்ஸ்ட்கிளவுட் என்று ஏதோ ஒன்று. கம்ப்யூட்டர் விற்றவர் போட்டுக் கொடுத்தது. “எல்லாம் தானா மேல ஏறிக்குமுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். முதலாளிகளும் அதை நம்பி, முன்பு வாரா வாரம் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள். என் கவலை இந்த நிறுத்தத்தைப் பற்றித்தான்.

இந்த மென்பொருள்கள் செய்கிற வேலை, பல கம்ப்யூட்டர்களில் உள்ள ஒரு ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்திருப்பது. இதைத்தான் சிங்க் என்கிறார்கள். ஒரு இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் எழுதும். ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும். நல்லதையும் கெட்டதையும் அதே வேகத்தில் கொண்டுபோகும். கொள்முதல் பில்லை வைரஸ் பூட்டிவிட்டால், பூட்டிய பில்தான் மேலே ஏறும்.

ஒரு எண்ணெய் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாளியின் மகன் கோவையில் படிக்கிறான். விடுமுறையில் வந்தபோது பில் போட உதவி செய்வான் என்று அவன் லேப்டாப்பிலும் அதே ஐடியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். காலேஜ் திறந்து போனவன், லேப்டாப்பில் இடமில்லை என்று மில் ஃபோல்டரை அழித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் மில் ஆபீசில் ஃபோல்டர் காலி. முதலாளி எனக்குப் போன் செய்து, “ஏனுங்க அம்மிணி, பையன் அவனோட லேப்டாப்புலதான அழிச்சான், ஆபீஸ்ல இருக்கறது எப்படிங்க போகும்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நடந்தது இதுதான். மென்பொருள் ஒவ்வொரு முறை சிங்க் முடித்ததும், இன்னின்ன ஃபைல் இரண்டு பக்கமும் இருந்தது என்று ஒரு பட்டியலைத் தன்னிடம் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பார்க்கும்போது, பட்டியலில் உள்ள ஒரு ஃபைல் சர்வரில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை என்றால், ‘இது புதிதாக வந்ததல்ல, இவர் வேண்டுமென்றே அழித்திருக்கிறார்’ என்று முடிவு கட்டும். சர்வரிலும் அழிக்கும். சர்வரில் போனதும் மற்ற கம்ப்யூட்டர்களிலும் போகும். இடம் போதாமல் அழித்தாரா, வேண்டாமென்று அழித்தாரா, கை தவறியதா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை.

அன்றைக்கு பிரவுசர் வழியாக அந்தக் கணக்குக்குள் போய், அங்கே உள்ள குப்பைத் தொட்டியிலிருந்து மொத்தத்தையும் மீட்டுக் கொடுத்தேன். உடனே கவனித்ததால் முடிந்தது. கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். தனிநபர் ஒன்டிரைவிலும் 30 நாள். இலவச டிராப்பாக்ஸிலும் 30 நாள். இதை ஜி.எஸ்.டி. சட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். சி.ஜி.எஸ்.டி. (மத்திய ஜி.எஸ்.டி.) சட்டம் 36-ஆம் பிரிவுப்படி, ஒரு வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் போடவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24-க்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆக அந்த வருடத்து பில்கள் 2030 டிசம்பர் முடியும்வரை கையில் இருக்க வேண்டும். யாரோ ஒருவர் தெரியாமல் அழித்த ஒரு மாதத்து ஃபோல்டரை நாம் இரண்டு மாதம் கழித்துத் தேடினால், 30 நாள் குப்பைத் தொட்டி எதற்கு உதவும்? பழைய மாதத்து ஃபோல்டரை யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. நோட்டீஸ் வந்தால்தான் தேடுவோம்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னும் கெடுபிடி. 2022 ஆகஸ்டில் திருத்திய கம்பெனிகள் கணக்கு விதிப்படி, கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்குப் புத்தகங்களுக்குத் தினமும் பேக்கப் (தனியாக எடுத்து வைக்கும் நகல்) இருக்க வேண்டும். அது இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். மேகப் படம் தெரிகிறது என்பதை வைத்து இதற்குக் கையெழுத்துப் போடக்கூடாது.

சரி, அந்தப் பையன் என்ன செய்திருக்க வேண்டும்? அழிப்பதற்குப் பதிலாக செட்டிங்ஸுக்குள் போய், எந்த ஃபோல்டர் இந்தக் கம்ப்யூட்டரில் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் மில் ஃபோல்டரின் டிக்கை எடுத்திருக்க வேண்டும். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ், நெக்ஸ்ட்கிளவுட் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. டிக்கை எடுத்தால் அந்த லேப்டாப்பில் மட்டும் போகும், சர்வரில் அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், அவனுக்கு முதலாளியின் ஐடியையே கொடுத்திருக்கக் கூடாது. அவனவனுக்குத் தனி ஐடி வைத்து, ஃபோல்டரைப் பகிர வேண்டும். பார்க்க மட்டும் வேண்டியவர்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் கொடுக்க வேண்டும். அப்படிப் பார்க்க மட்டும் பகிர்ந்ததை அவர்கள் தங்கள் பக்கம் என்ன செய்தாலும் மூல ஃபைல் அழியாது. வேலையை விட்டுப் போகும் ஆளிடமிருந்து உரிமையைத் திரும்ப எடுப்பதும் சுலபம். ஒரே ஐடியை மில் ஆபீஸ், களம், குடோன், வீட்டு போன் எல்லாவற்றிலும் போட்டு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் ஏகத்துக்கும் இருக்கிறது. இதை முதலில் நிறுத்த வேண்டும்.

அடுத்தது கணக்கு மென்பொருள். டேலி மாதிரியான மென்பொருளில் ஒரு கம்பெனியின் கணக்கு ஒரே ஃபைலாக இருப்பதில்லை. எண் பெயருள்ள ஒரு ஃபோல்டருக்குள் பல ஃபைல்களாக இருக்கும். ஒரு வவுச்சர் (வரவு செலவுப் பதிவு) போட்டாலே அதில் சில ஃபைல்கள் சேர்ந்து மாறும். இந்த டேட்டா ஃபோல்டரை நேராகச் சிங்க் ஃபோல்டருக்குள் வைத்தால், நாம் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபைல் புதிதாகவும் இன்னொன்று பழையதாகவும் மேலே ஏறும். இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தக் கலவை இறங்கும். இரண்டு ஆபீசில் ஒரே நேரத்தில் திறந்தால் இன்னும் மோசம். சிங்க் மென்பொருளுக்கு இரண்டு மாற்றத்தையும் சேர்த்து ஒன்றாக்கத் தெரியாது. ஒன்றை அதே பெயரில் வைத்து, மற்றதை ‘கான்ஃபிளிக்டட் காப்பி’ என்ற பெயரில் பக்கத்தில் போட்டுவிடும். எக்செல் ஷீட் என்றால் இரண்டையும் திறந்து ஒப்பிட்டுச் சரி செய்யலாம். கணக்கு டேட்டாவில் அது நடக்காது. மென்பொருளுக்கு அந்தப் புதுப்பெயர் ஃபைல் இருப்பதே தெரியாது. அதில் இருந்த அன்றைய பதிவுகள் போனதுதான்.

இது டேலியின் குறையோ டிரைவின் குறையோ கிடையாது. திறந்திருக்கும் எந்த டேட்டாபேஸையும் இப்படி ஃபைல் ஃபைலாக நகல் எடுக்கக் கூடாது. செய்ய வேண்டியது எளிது. டேட்டா ஃபோல்டர் சிங்க் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். சாயங்காலம் கணக்கை முடித்ததும், மென்பொருளில் உள்ள பேக்கப் கட்டளையைக் கொடுத்து (டேலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தினால் வரும்), அந்த பேக்கப் ஃபைலைத் தேதியிட்ட ஃபோல்டராகச் சிங்க் ஃபோல்டருக்குள் போட வேண்டும். மேலே ஏறுவது முழுசாக முடிந்த ஃபைல். அதற்குமேல் யாரும் அதைத் தொடப்போவதில்லை. நான் கணக்கு எழுதும் இடங்களில் எல்லாம் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அப்புறம் இந்த ‘தேவைப்படும்போது இறக்கு’ வசதி. ஃபோல்டரைத் திறந்தால் எல்லா ஃபைலும் பெயரோடு தெரியும். ஆனால் ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்காது, பெயர் மட்டும்தான். இரண்டு முறை கிளிக் செய்தால்தான் நெட் வழியாக இறங்கும். விண்டோஸில் ஒன்டிரைவ் ஃபைல்களுக்குப் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அது இங்கே இல்லை என்று அர்த்தம். வெள்ளைப் பின்னணியில் பச்சை டிக் இருந்தால் இப்போதைக்கு இங்கே இருக்கிறது. பச்சை வட்டம் முழுக்க நிறைந்து வெள்ளை டிக் இருந்தால்தான் எப்போதும் இங்கேயே இருக்கும். ரோடு வேலையில் கேபிள் அறுந்தால் எங்கள் ஊர்ப் பக்கம் நாள் முழுக்க நெட் இருக்காது. அன்றைக்கென்று பார்த்து ஆடிட்டர் ஆபீசிலிருந்து போன் வரும். ஃபைல் கண்ணுக்குத் தெரியும், திறக்காது. நடப்பு வருடத்து ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்து, ‘எப்போதும் இந்தக் கருவியில் வைத்திரு’ என்ற பொருளில் வரும் கட்டளையைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழைய வருடங்களை மேகமாகவே விடலாம். டிஸ்கில் இடம் மிச்சம். கம்ப்யூட்டரை மாற்றும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். நெட் இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி எடுத்துப் போனால், மேகப் படம் போட்டவை அதில் இருக்கவே இருக்காது.

எடை மேடைக் கம்ப்யூட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லாரி எடைச் சீட்டுகள் அதில்தான் பிறக்கின்றன. ஆபீசுக்கும் எடை மேடைக்கும் ஒரே வளாகத்துக்குள் ஒயர் போட்டிருப்பார்கள், நெட் இருக்காது. இந்த மாதிரி இடத்துக்கு சிங்திங் என்று ஒரு இலவச, திறமூல மென்பொருள் இருக்கிறது. 2013-லிருந்து வளர்த்து வருகிறார்கள். நடுவில் எந்த கம்பெனியின் சர்வரும் வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டரும் நேராகப் பேசிக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் போதும். இதில் எடை மேடைப் பக்கத்தை ‘அனுப்ப மட்டும்’ என்றும் ஆபீஸ் பக்கத்தை ‘வாங்க மட்டும்’ என்றும் வைக்கலாம். ஆபீசில் யார் எதை மாற்றினாலும் மேடைச் சீட்டைத் தொடாது. ஆனால் கவனம்: அழிந்த ஃபைலின் பழைய பதிப்பை எடுத்து வைக்கும் வசதி இதில் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். ஆபீஸ் பக்கத்தில் நாமாகப் போய் அதைப் போட்டு விட வேண்டும்.

எடை மேடைக் கம்ப்யூட்டர்கள் பழசு. மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். நெட் உள்ள கம்ப்யூட்டரில் இப்படித் தேதி தப்பானால், சர்வரோடு பாதுகாப்பாகப் பேச முடியாமல் சிங்க் நின்றுவிடும். ‘நெட் இருக்குது, ஏற மாட்டேங்குது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். சில்லறை விலை பேட்டரி அது.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். நான் தமிழில்தான் பெயர் வைக்கிறேன், வைக்கவும் சொல்கிறேன். களத்து ஆட்களுக்கு ‘கொப்பரை வரவு’ என்று இருந்தால்தான் சட்டென்று புரியும். ஆனால் யூனிகோடில் (எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் குறிக்கும் பொது முறை) ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடுவது இன்னொன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பெயர்களில் இரண்டாவது வகை வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டரில் ‘கொப்பரை வரவு’ இரண்டு இருந்து, ஒன்றில் சித்திரை வரைக்கும் இன்னொன்றில் வைகாசியிலிருந்தும் கணக்கு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயரை அழித்துவிட்டு ஒரே விசைப்பலகையில் மறுபடி தட்டச்சு செய்தால் சரியாகிவிடும். ஓ, ஔ குறிகளுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று பெயரின் நீளம். சொந்தச் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன. அங்கே ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட் (கம்ப்யூட்டரில் இடத்தை அளக்கும் அலகு) வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘காங்கேயம்’ என்ற ஐந்தெழுத்துப் பெயருக்கே 27 பைட் ஆகிறது, ஏனென்றால் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். விண்டோஸில் இந்தக் கணக்கு வேறு என்பதால் நீளமான தமிழ்ப் பெயரை அங்கே ஏற்றுக்கொள்ளும், சர்வரில் ஏற மறுக்கும். அந்த ஒரு ஃபைல் மட்டும் ஏறாமல் நிற்கும், மற்றதெல்லாம் ஏறிவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளில் ஏறாமல் நின்றவற்றைத் தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டும் இடம் உண்டு. வாரத்துக்கு ஒரு முறையாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

இடம் தீர்வதும் இப்படிச் சத்தமில்லாமல் நடப்பதுதான். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் டிரைவுக்கும் ஜிமெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான். ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. மகள் சீர் போட்டோ எல்லாம் அதே ஐடியில் ஏறினால் ஒருநாள் நிரம்பிவிடும். அதற்கப்புறம் பில்லும் ஏறாது, ஜிமெயிலில் ஆர்டர் மெயிலும் வராது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் மொத்தமாக ஏற்றும் செட்டிங் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு ஃபோல்டர் ஒன்று மட்டும் போதும்.

இத்தனையும் சரியாக வைத்த பிறகும், மாதக் கடைசியில் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி, ஆபீசில் இல்லாமல் வீட்டு பீரோவில் வைக்கச் சொல்கிறேன். ஒயரில் மாட்டியே இருக்கும் டிஸ்கை வைரஸும் தொடும், சிங்கும் தொடும். கழற்றி வைத்ததை எதுவும் தொடாது. வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கம்பெனியை மீட்டுத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக்கூடாது.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கம்ப்யூட்டர் விற்பவர்கள் இன்ஸ்டால் செய்து கொடுக்கும்போது, எந்த ஃபோல்டர் ஏறுகிறது, அழித்தால் எத்தனை நாள் வரை மீட்கலாம், நெட் இல்லாவிட்டால் எது திறக்கும் என்ற மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். அரிசி ஆலை, எண்ணெய் மில் சங்கங்கள் ஒரு சாயங்காலக் கூட்டத்தில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். என்னைக் கூப்பிட்டால் நானே வந்து காட்டுகிறேன், காசு வேண்டாம். உங்கள் வணிகப் பக்கத்திலும் கம்ப்யூட்டர் திரையின் படங்களோடு இரண்டு மூன்று வாரம் தொடராகப் போட்டால், வெட்டி வைத்துக்கொள்ள எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மார்ச் கணக்கு முடிப்பதற்குள் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவர், காங்கேயம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)